தொழில்நுட்பமும் சமூகமும்: வகுப்புப் பேச்சுக்கும் விவாதத்துக்கும் ஆயத்தமாகும் மாணவர்களுக்கான கேள்வி பதில்கள்

சிங்கப்பூர் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர் நான். ஒவ்வோர் ஆண்டும் மாணவர்கள் வகுப்பின் முன் நின்று கேட்போரை இணங்கவைக்கும் வகையில் நான்கு நிமிடம் பேசவேண்டும்; அதன்பின் அணிக்கு மூவராகப் பிரிந்து அதே தலைப்பையொட்டி விவாதிக்கவேண்டும். தொழில்நுட்பமும் சமூகமும் என்பதே பெரும்பாலும் பொதுப்பொருளாக அமைகிறது. அதற்கு ஆயத்தமாகும் மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகளையும், நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

“தொழில்நுட்பம் வரமா, சாபமா?” என்பதையே தலைப்பாக எடுத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். அந்தத் தலைப்பில் பேசுபவர் எவ்வளவு திறமையுடையவராக இருந்தாலும், நன்மையும் உண்டு, தீமையும் உண்டு, அளவோடு பயன்படுத்துவோம் என்ற இடத்தில்தான் போய் நிற்பார். அதை மறுத்துப் பேச வகுப்பில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். மறுப்பவர் இல்லாத இடத்தில் யாரை இணங்கவைப்பது?

தொழில்நுட்பம் என்ற பெரிய சொல்லை ஒரு முடிவாகச் சுருக்குங்கள். யார், எதை, எப்போதிலிருந்து செய்யவேண்டும் அல்லது நிறுத்தவேண்டும் என்று ஒரே வாக்கியத்தில் எழுத முடிந்தால் அது பேசத்தக்க தலைப்பு. எடுத்துக்காட்டாக, 2026 ஜனவரி முதல் நம் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் பாட நேரத்தில் மட்டுமன்றி, இடைவேளையிலும் இணைப்பாட நடவடிக்கைகளின்போதும் திறன்பேசியையும் திறன்கடிகாரத்தையும் பயன்படுத்தக்கூடாது என்ற விதி நடப்பில் இருக்கிறது. “இடைவேளையிலும் தடை விதித்தது சரியே” என்று ஒருவர் பேசலாம். “இடைவேளை மாணவருக்கு உரியது” என்று இன்னொருவர் பேசலாம். இரு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது, இரு பக்கத்தையும் பேசக்கூடியவர்கள் அந்த வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். “உணவங்காடி நிலையங்களில் எந்தக் கடையும் ரொக்கத்தை மறுக்கக்கூடாது” என்பதும், “வீட்டுப்பாடத்தில் செயற்கை நுண்ணறிவின் உதவியை அனுமதிக்கலாம்” என்பதும் அப்படிப்பட்ட தலைப்புகளே.

தலைப்பைத் தேர்ந்ததும் இன்னொன்றையும் கேட்டுப்பாருங்கள். இந்த முடிவால் நாளைக் காலையில் யாருடைய நாள் மாறும்? அந்த ஒருவரை உங்களால் சுட்டிக்காட்ட முடியவில்லையென்றால் தலைப்பு இன்னும் அகலமாகவே இருக்கிறது. நான் இந்தப் பக்கத்தில் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் இதுவே அடிப்படை.

வகுப்பு விவாதமும் பட்டிமன்றமும் ஒன்றுதானே?

உறவு உண்டு, ஆனால் ஒன்றல்ல. நம் வீடுகளில் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தொலைக்காட்சியில் பட்டிமன்றம் பார்த்து வளர்ந்த பிள்ளைகள், விவாதம் என்றதும் அந்த நடையையே மனத்தில் கொண்டுவருகிறார்கள். பட்டிமன்றத்தில் நடுவரே மையம். அவர் இடையிடையே பேசுவார், சிரிக்கவைப்பார், இறுதியில் தம் தீர்ப்பை ஒரு சொற்பொழிவாகவே வழங்குவார். பேச்சாளர் அவையின் கைதட்டலைப் பெற்றால் போதும். எதிரணியின் வாதத்துக்கு வரிக்கு வரி பதில் சொல்லவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

விவாதத்தில் அந்தக் கட்டாயம் இருக்கிறது. எதிரணி வைத்த வாதத்துக்கு நீங்கள் பதில் சொல்லாமல் விட்டால், அதை ஒப்புக்கொண்டதாகவே நடுவர் எடுத்துக்கொள்வார். பட்டிமன்றத்திலிருந்து குரலின் ஏற்ற இறக்கத்தையும், கூட்டத்தைக் கண்ணால் அளக்கும் பழக்கத்தையும் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். துணுக்குகளை அங்கேயே விட்டுவிடுங்கள்.

நான் நம்பாத பக்கத்தைப் பேசும்படி சீட்டு விழுந்தால் என்ன செய்வது?

மகிழ்ச்சியோடு பேசுங்கள். நாம் ஏற்கெனவே நம்பும் பக்கத்தைப் பேசும்போது, காரணங்களைத் தேடாமலேயே பேசிவிடுகிறோம். நம்பாத பக்கம் அமையும்போதுதான் அந்தப் பக்கத்தில் நிற்பவர் ஏன் நிற்கிறார் என்று முதன்முதலாக யோசிக்கிறோம். இது பொய் பேசுவதாகாதா என்று சில மாணவர்கள் உண்மையாகவே வருந்திக் கேட்டிருக்கிறார்கள். விவாதத்தில் நீங்கள் ஒரு பக்கத்தின் வழக்கறிஞர். அது அவையில் எல்லாருக்கும் தெரியும். பொய்யான தகவலைச் சொன்னால்தான் அது பொய்.

சிங்கப்பூரைச் சார்ந்த சான்றுகள் வேண்டும். எங்கிருந்து தொடங்கலாம்?

இங்கே நமக்குப் பஞ்சமே இல்லை. தொழில்நுட்பத்தை அன்றாட வாழ்வெங்கும் கொண்டுசெல்ல அரசாங்கம் வகுத்த அறிவார்ந்த தேசத் திட்டம் 2014 நவம்பரில் தொடங்கப்பட்டதிலிருந்து, வெளிநாட்டு மாணவர்கள் ஏட்டில் படிக்கும் பல கேள்விகளை நாம் நம்முடைய வீட்டிலும் பேருந்து நிறுத்தத்திலும் சந்தித்துவருகிறோம்.

நான் மாணவர்களுக்கு முதலில் சொல்வது டிரேஸ்டுகெதர் செயலியின் கதையை. கொவிட்-19 பரவத் தொடங்கிய 2020 மார்ச் 20ஆம் தேதி அது வெளியிடப்பட்டது. புளூடூத் மூலம், யார் யார் அருகில் இருந்தார்கள் என்று பதிவுசெய்து, தொற்றுத் தொடர்பைக் கண்டறிவதே அதன் நோக்கம் என்று மக்களிடம் சொல்லப்பட்டது. திறன்பேசி இல்லாதவர்களுக்குக் கையடக்கக் கருவியும் வழங்கப்பட்டது. 2021 ஜனவரியில், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்கீழ்க் காவல்துறை அந்தத் தரவைப் பெற முடியும் என்று நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டபோது பலர் வருத்தமடைந்தார்கள். கொலை வழக்கு ஒன்றின் விசாரணையில் காவல்துறை அந்தத் தரவை நாடியதும் அப்போது வெளிவந்தது. அடுத்த மாதமே, ஏழு வகையான கடுங்குற்றங்களின் விசாரணைக்கு மட்டுமே அதைப் பயன்படுத்தலாம் என்று வரையறுக்கும் சட்டம் நிறைவேறியது. 2023 பிப்ரவரியில் செயலியின் பயன்பாடு முடிவுக்கு வந்தது.

இந்த ஒரு கதையை ஒட்டியும் பேசலாம், வெட்டியும் பேசலாம். ஒட்டிப் பேசுபவர், அந்தத் தொழில்நுட்பம் நோய்ப்பரவலைத் தடுக்க உதவியதையும், மக்கள் கேள்வி எழுப்பியதும் ஒரு மாதத்துக்குள் சட்டம் மாறியதையும் காட்டுவார். வெட்டிப் பேசுபவர், ஒரு நோக்கத்துக்காகத் திரட்டிய தரவு இன்னொரு நோக்கத்துக்குப் போகக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா என்று கேட்பார். தேதிகளை வரிசையாகச் சொல்லத் தெரிந்தவரின் பக்கமே அவை சாயும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2018இல் பொது மருத்துவமனைகளை நடத்தும் சிங்ஹெல்த் குழுமத்தின் கணினிக் கட்டமைப்பு ஊடுருவப்பட்டு ஏறத்தாழ 1.5 மில்லியன் நோயாளிகளின் சொந்த விவரங்கள் திருடப்பட்டது, தரவுப் பாதுகாப்பைப் பற்றிப் பேசுவோருக்கு உதவும். 2024இல் மோசடிகளால் சிங்கப்பூரில் பறிபோன தொகை குறைந்தது 1.1 பில்லியன் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்பது காவல்துறை வெளியிட்ட கணக்கு. 2019 அக்டோபரில் நடப்புக்கு வந்த, இணையவழிப் பொய்ச் செய்திகளுக்கு எதிரான பொஃப்மா சட்டம், பேச்சுரிமைக்கும் பொது நன்மைக்கும் இடையிலான எல்லையைப் பற்றிய விவாதத்துக்குப் பொருந்தும். உணவு விநியோகம் செய்வோருக்கும் தனியார் வாடகைக் கார் ஓட்டுநர்களுக்கும் மத்திய சேமநிதிச் சந்தா (ஓய்வுக்காலச் சேமிப்பு), வேலைக்காய இழப்பீடு ஆகியவற்றில் பாதுகாப்பளிக்கும் இணையத்தள ஊழியர் சட்டம் 2025 ஜனவரி 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. செயலி ஒன்றே முதலாளியாக இருக்கும் வேலையைப் பற்றிப் பேச விரும்பும் மாணவர் அதிலிருந்து தொடங்கலாம். இதுவரை என் வகுப்பில் இருவரே அதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்பது எனக்குக் குறையாகவே படுகிறது.

பள்ளியைப் பற்றியே பேச விரும்பினால், 2020 ஏப்ரல் 8ஆம் தேதி எல்லாப் பள்ளிகளும் வீட்டிலிருந்து கற்கும் முறைக்கு மாறியதை நினைத்துப்பாருங்கள். உயர்நிலை மாணவர் ஒவ்வொருவருக்கும் சொந்தக் கற்றல் கருவி என்ற திட்டம் முதலில் 2028ஐ இலக்காகக் கொண்டிருந்தது. அந்த ஆண்டின் அனுபவத்துக்குப் பிறகு அது 2021ஆம் ஆண்டுக்கே முன்னுக்குக் கொண்டுவரப்பட்டது. உங்கள் மேசைமேல் இருக்கும் கணினி அங்கே வந்த கதை அது.

எண்களை எப்படிச் சரிபார்ப்பது? வாட்ஸ்அப்பில் வந்ததைச் சொல்லலாமா?

வாட்ஸ்அப்பில் வந்தது ஒரு தடயம், அவ்வளவுதான். அந்தத் தகவலை முதலில் வெளியிட்டவர் யார் என்று தேடிக் கண்டுபிடித்த பிறகே அது சான்றாகும். மோசடி பற்றிய எண்ணாக இருந்தால் காவல்துறையின் அறிக்கை, சட்டமாக இருந்தால் நாடாளுமன்றப் பதிவு, பள்ளிகளைப் பற்றியதாக இருந்தால் கல்வி அமைச்சின் அறிவிப்பு என்று மூலத்துக்கே போகலாம். நம் தமிழ் நாளிதழான தமிழ் முரசில் அந்தச் செய்தி எப்படி வந்திருக்கிறது என்றும் பாருங்கள். எண்ணைச் சரிபார்ப்பதோடு, அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதும் தெரிந்துவிடும். விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள தேசிய நூலகத்தின் தமிழ்ப் பகுதிக்கு ஒரு சனிக்கிழமை போய்வரலாம்.

எண்ணைச் சொல்லும்போது மூன்றைச் சேர்த்துச் சொல்லப் பழகுங்கள்: யார் சொன்னது, எந்த ஆண்டு, எதை எண்ணியது. “சிங்கப்பூரில் 1.1 பில்லியன் வெள்ளி மோசடி நடக்கிறது” என்பதற்கும், “2024ஆம் ஆண்டில் மோசடிக்கு ஆளானவர்கள் இழந்த தொகை குறைந்தது 1.1 பில்லியன் வெள்ளி என்று காவல்துறை தெரிவித்தது” என்பதற்கும் இடையில் உள்ள வேறுபாடு, எதிரணி உங்கள்மேல் பாய்வதா, தயங்குவதா என்பதைத் தீர்மானிக்கும்.

இரண்டு செய்திகள் ஒரே காலத்தில் நடந்தால் ஒன்றுதான் மற்றொன்றுக்குக் காரணம் என்று சொல்லிவிடாதீர்கள். திறன்பேசி பரவிய அதே ஆண்டுகளில் மூக்குக்கண்ணாடி அணியும் மாணவர் கூடியிருக்கலாம். ஆனால் நம் ஊரில் பிள்ளைகளிடையே கிட்டப்பார்வை திறன்பேசிக்கு முன்பே பெரிய பிரச்சினையாக இருந்தது என்று எதிரணியில் ஒருவர் எழுந்து சொன்னால், உங்கள் வாதம் அங்கேயே நின்றுவிடும்.

செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் பேச்சை எழுதி வாங்கலாமா?

உங்கள் ஆசிரியர் வகுத்திருக்கும் விதியை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். விதி எதுவாக இருந்தாலும் என் பதில் வேண்டாம் என்பதே. சாட்ஜிபிடி 2022 நவம்பர் இறுதியில் வெளிவந்தது. அடுத்த ஆண்டே அதன் சாயல் என் வகுப்பில் தெரியத் தொடங்கியது. ஒரு மாணவி மிகச் சரளமாக ஒரு பேச்சை வாசித்தார். நடுவில் “மின்னிலக்கப் பிளவு” என்ற தொடர், அதாவது டிஜிட்டல் தொழில்நுட்பம் கைவந்தவர்களுக்கும் கைவராதவர்களுக்கும் இடையிலான இடைவெளியைக் குறிக்கும் தொடர், வந்தது. அவர் பேசி முடித்ததும், உங்களுக்குத் தெரிந்தவர்களில் அந்தப் பிளவின் மறுபுறத்தில் இருப்பவர் யார் என்று கேட்டேன். அவர் தாளைப் பார்த்தார். தாளில் பதில் இல்லை. சற்று நேரத்துக்குப் பிறகு, தம் வீட்டில் வேலை செய்யும் பணிப்பெண் ஊருக்குப் பணம் அனுப்பும் செயலியைத் திறக்க ஒவ்வொரு மாதமும் தம்மைத்தான் அழைப்பார் என்றும், அவருடைய கடவுச்சொல் தமக்குத் தெரியும் என்பது தமக்கே ஒரு மாதிரி இருக்கிறது என்றும் தயங்கித் தயங்கிச் சொன்னார். அந்த இரண்டு வாக்கியங்களில் நம்பிக்கை, தனியுரிமை, ஒருவரையே சார்ந்திருப்பதன் ஆபத்து எல்லாம் இருந்தன. அதை அவரால் மட்டுமே எழுத முடியும்.

உங்கள் ஆசிரியர் அனுமதித்தால் செயலியை எதிரணியாக வைத்துக்கொள்ளுங்கள். நீங்களே எழுதிய வாதத்தைக் கொடுத்து, இதை எப்படி மறுப்பாய் என்று கேளுங்கள். அது தரும் எண்களையும் மேற்கோள்களையும் சரிபார்க்காமல் ஒருபோதும் மேடைக்குக் கொண்டுவராதீர்கள். இல்லாத ஒன்றை இருப்பதுபோல் சொல்லும் இயல்பு அதற்கு உண்டு.

பேச்சை எப்படித் தொடங்குவது?

பெரும்பாலான பேச்சுகள் இப்படித் தொடங்குகின்றன: “மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களே, என் அன்பு நண்பர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். இன்றைய நவீன உலகில் தொழில்நுட்பம் இன்றியமையாத ஒன்றாகத் திகழ்கிறது. அது இருபுறமும் கூரான கத்தியைப் போன்றது.” முப்பது பேர் கொண்ட வகுப்பில் இருபது பேர் அந்தக் கத்தியை எடுத்து வீசிவிட்டுப் போவார்கள்.

சென்ற ஆண்டு, ரொக்கத்தை மறுக்கக்கூடாது என்ற தலைப்பை எடுத்த மாணவர் ஒருவரின் தொடக்கம் இது. அவருடைய இசைவோடு தருகிறேன்.

“வணக்கம். போன சனிக்கிழமை என் பாட்டி உணவங்காடி நிலையத்தில் ஒரு கடைமுன் நின்றார். கையில் ஐந்து வெள்ளித் தாள். கடைக்காரர் கியூஆர் குறியீட்டைக் காட்டினார். பாட்டி தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போனார். அங்கே அப்பம் கிடைக்காது.”

இதில் தொழில்நுட்பம் என்ற சொல்லே இல்லை. ஆனாலும் என்ன பிரச்சினை என்று எல்லாருக்கும் விளங்கிவிட்டது. கடைசி வாக்கியத்தில் வகுப்பு அமைதியானது. அதன்பின் அவர், குடும்பங்களின் செலவுக்கு உதவ வழங்கப்படும் சமூக மேம்பாட்டு மன்றப் பற்றுச்சீட்டுகள் மின்னிலக்க முறையில் வந்தாலும், தேவைப்படுவோர் சமூக மன்றத்துக்குச் சென்று அச்சிட்டு வாங்கிக்கொள்ள அரசாங்கம் வழி வைத்திருப்பதைச் சொல்லி, அந்தப் பரிவைக் கடைகளிடமும் எதிர்பார்க்கலாமே என்று தம் கோரிக்கைக்கு வந்து சேர்ந்தார்.

நடக்காத ஒன்றை நடந்ததாகச் சொல்லாதீர்கள். பாட்டியைக் கற்பனை செய்தால், எந்த உணவங்காடி, என்ன அப்பம் என்று ஒருவர் கேட்டதும் குரல் மாறிவிடும். உண்மையான பாட்டி இல்லையென்றால், “ஒருவரை நினைத்துப்பாருங்கள்” என்று வெளிப்படையாகவே தொடங்கலாம்.

ஒரு குறளைச் சொல்லித் தொடங்கலாமா?

அந்தக் குறள் இல்லாவிட்டால் உங்கள் வாதம் குறைபடும் என்றால் சொல்லுங்கள். மாலையைப்போல் முன்னால் தொங்கவிடுவதற்கென்றால் வேண்டாம். சொல்வன்மை, அவையஞ்சாமை என்ற அதிகாரங்களை நீங்கள் தனியே படித்துப் பார்க்கவேண்டும் என்பதே என் விருப்பம். மேடையில் சொல்வதற்காக அல்ல, மேடைக்குப் போகும் முன்பு.

ஒரு வாதத்தை எப்படிக் கட்டுவது?

கூற்று, காரணம், சான்று, “அதனால் என்ன?” என்ற நான்கு படிகளை நான் கரும்பலகைக் காலத்திலிருந்தே சொல்லிவருகிறேன். முதல் மூன்றையும் எல்லாரும் எப்படியோ எழுதிவிடுகிறார்கள். நான்காவதில்தான் வழுக்குகிறார்கள்.

இடைவேளைத் திறன்பேசித் தடையை ஆதரிக்கும் ஒருவர், “தடையால் மாணவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசுகிறார்கள்” என்று கூறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கையில் திறன்பேசி இருந்தால் பேச்சில் சிறு இடைவெளி விழுந்தவுடன் கண் அதற்குப் போய்விடுகிறது என்பது காரணம். நம் சிற்றுண்டிச்சாலையில் நாலாவது மேசையில் முன்பு தனியே படம் பார்த்துக்கொண்டு சாப்பிட்ட நண்பர் இப்போது சதுரங்கம் ஆடுகிறார் என்பது நேரில் பார்த்த சான்று. சரி, அதனால் என்ன? பேசிக்கொள்வது இனிமையானதுதான், ஆனால் இனிமையான ஒன்றுக்காக எல்லாருக்கும் தடை விதிக்கலாமா என்று எதிரணி கேட்கும். அங்கேதான் பேச்சாளர் இன்னும் ஓர் அடி வைக்கவேண்டும். புதிதாகப் பள்ளியில் சேர்ந்த, கூச்ச இயல்புடைய மாணவருக்கு நண்பர் கிடைக்கும் வாய்ப்பு பாட நேரத்தில் இல்லை, இடைவேளையில்தான் இருக்கிறது. எல்லாரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் அவர் மட்டும் திரையை மூடிவைப்பதால் பயனில்லை. ஆகவே இது தனிமனிதக் கட்டுப்பாட்டால் தீராது, பொது விதியால்தான் தீரும். இப்போது வாதம் முழுமையாகிவிட்டது.

நான்கு நிமிடத்துக்கு இப்படிப்பட்ட வாதம் இரண்டு போதும். மூன்றாவதைச் சேர்க்க நினைக்கும்போதெல்லாம் முதலாவதை இன்னும் ஆழப்படுத்துங்கள்.

மறுப்புரைதான் எனக்கு வராது. எப்படிப் பழகுவது?

வராததற்குக் காரணம் பெரும்பாலும் பேச்சுத்திறனில் இல்லை, கேட்பதில் இருக்கிறது. எதிரணி பேசும்போது தம் அடுத்த பேச்சைப் படித்துக்கொண்டிருப்பவருக்கு மறுப்புரை வராது. ஒரு தாளை நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரியுங்கள். இடப்பக்கம் எதிரணி சொன்னதை அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதுங்கள், வலப்பக்கம் உங்கள் பதிலை ஐந்தாறு சொற்களில் எழுதுங்கள்.

ஒன்றை விரித்துப் பார்ப்போம். ஆஸ்திரேலியாவில் 16 வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்கக்கூடாது என்ற சட்டம் 2024 நவம்பரில் நிறைவேறி, 2025 டிசம்பர் 10ஆம் தேதி நடப்புக்கு வந்தது. சிங்கப்பூரும் அதைப் பின்பற்றவேண்டும் என்பது தலைப்பு. எதிர்த்துப் பேசுபவர், “பிள்ளைகள் பொய்யான வயதைக் கொடுத்து நுழைந்துவிடுவார்கள், சட்டம் வீண்” என்கிறார்.

“அப்படியெல்லாம் நடக்காது” என்று பதில் சொன்னால் தோற்றீர்கள். நடக்கும் என்று வகுப்பில் எல்லாருக்கும் தெரியும். முதலில் ஒப்புக்கொள்ளுங்கள்: “சிலர் நுழைவார்கள் என்று என் நண்பர் சொன்னது உண்மை.” பிறகு திருப்புங்கள்: “சிங்கப்பூரில் 21 வயதுக்குட்பட்டோருக்குச் சிகரெட் விற்கக்கூடாது. அதையும் சிலர் மீறுகிறார்கள். அதற்காக அந்தச் சட்டத்தை நீக்கிவிடலாம் என்று என் நண்பர் சொல்வாரா?” அதோடு நிற்காமல் சட்டத்தின் உள்ளே போங்கள்: “ஆஸ்திரேலியச் சட்டம் பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தண்டனை விதிக்கவில்லை, பிள்ளைகளைத் தடுக்க நியாயமான நடவடிக்கை எடுக்காத நிறுவனத்துக்கே 49.5 மில்லியன் ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம் விதிக்கிறது. ஆகவே, பிள்ளை ஏமாற்றுமா என்பதல்ல கேள்வி, நிறுவனம் கதவைத் திறந்துபோட்டிருக்கிறதா என்பதே கேள்வி.”

நன்றாக இருக்கிறதல்லவா? ஆனால் எதிரணியில் விழிப்பான ஒருவர் இருந்தால் இதற்கும் பதில் உண்டு. “சிகரெட்டால் ஒருவருக்கும் நன்மை இல்லை. சமூக ஊடகத்தில் தாம் எழுதிய தமிழ்க் கவிதைக்கு முதல் வாசகரைக் கண்டடைந்த பதினான்கு வயது மாணவர் நம் பள்ளியிலேயே இருக்கிறார். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேசுவது ஒப்புமைப் பிழை.” இந்த இடத்தை எட்டும்போதுதான் விவாதம் சூடு பிடிக்கிறது. வீட்டில் ஒத்திகை பார்க்கும்போது குறைந்தது இந்த மூன்றாவது படி வரையாவது போங்கள். உங்கள் வாதத்துக்கு வரக்கூடிய மறுப்பையும், அந்த மறுப்புக்கு உங்கள் பதிலையும், அதற்கும் வரக்கூடிய மறுப்பையும் எழுதிவைத்துக்கொண்டு வருபவரை அவ்வளவு எளிதில் அசைக்க முடியாது.

ஆளைத் தாக்காதீர்கள். “நீங்களே நாள் முழுக்க டிக்டாக் பார்ப்பவர்தானே” என்பது சிரிப்பை வரவழைக்கும், மதிப்பெண்ணைக் குறைக்கும், நட்பையும் குறைக்கும்.

உணர்ச்சியோடு பேசுவது தவறா?

தவறில்லை. சான்றுக்குப் பின்னால் வரும் உணர்ச்சிக்கு வலிமை அதிகம், அவ்வளவே. மோசடியில் சேமிப்பை இழந்த முதியவரைப் பற்றிப் பேசும்போது குரல் தழுதழுத்தால் தழுதழுக்கட்டும். அதை ஒத்திகை பார்த்து வரவழைக்க முயலாதீர்கள்.

எழுத்துத் தமிழிலா, பேச்சுத் தமிழிலா? ஆங்கிலச் சொற்களை என்ன செய்வது?

வகுப்புப் பேச்சும் விவாதமும் மேடைத் தமிழில் அமையவேண்டும் என்றே பெரும்பாலான ஆசிரியர்கள் எதிர்பார்ப்பார்கள். மேடைத் தமிழ் என்றால் வாயில் நுழையாத தமிழ் என்று பொருளில்லை. வாக்கியத்தை எழுதியதும் உரக்கப் படியுங்கள். நடுவில் மூச்சு முட்டினால் இரண்டாக வெட்டுங்கள். யாரேனும் பேசியதை அப்படியே எடுத்துச் சொல்லும்போது மட்டும் பேச்சுத் தமிழுக்கு இறங்கலாம். “எனக்கு இதெல்லாம் தெரியாதுப்பா, காசு வாங்கிக்க” என்று பாட்டி சொன்னதைப் பாட்டியின் வாய்மொழியிலேயே சொன்னால்தான் அது உயிரோடு இருக்கும்.

சொற்களைப் பொறுத்தவரை, திறன்பேசி, செயலி, தரவு, சமூக ஊடகம், மின்னிலக்கம், செயற்கை நுண்ணறிவு ஆகியவை இங்குள்ள செய்திகளில் நாள்தோறும் புழங்குபவை, தயங்காமல் பயன்படுத்துங்கள். தமிழ்நாட்டு நாளிதழ்களில் “டிஜிட்டல்” என்றே பார்ப்பீர்கள். அதனால் நம் “மின்னிலக்கம்” தவறாகிவிடாது. வாட்ஸ்அப், டிக்டாக் போன்ற பெயர்களை மொழிபெயர்க்கவேண்டியதில்லை. அல்காரிதம் போன்ற ஒரு சொல் வந்தால், “நாம் அடுத்து எதைப் பார்க்கவேண்டும் என்று தீர்மானிக்கும் கணக்குமுறை” என்று ஒருமுறை விளக்கிவிட்டு மேலே போங்கள். விளக்கத் தெரியாத சொல்லை விட்டுவிடுவதே நல்லது.

எவ்வளவு நீளம் எழுதவேண்டும்? மனப்பாடம் செய்யலாமா?

நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 90 முதல் 100 தமிழ்ச் சொற்கள் என்பது என் வகுப்பில் நான் அளந்து பார்த்தது. நான்கு நிமிடத்துக்கு 360 சொற்களே தாராளம். தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் மனப்பாடம் செய்யுங்கள். நடுப்பகுதிக்கு உள்ளங்கை அளவு அட்டைகள் நான்கு போதும். ஒவ்வொன்றிலும் எண்ணும் பெயரும் முதற்சொல்லும் மட்டும் இருக்கட்டும். முழு வாக்கியத்தை எழுதினால் கண் அதைவிட்டு மேலே எழும்பாது.

வீட்டில் ஆங்கிலமே பேசுகிறோம். பெற்றோராகிய நான் எப்படி உதவுவது?

2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூர்வாசிகளில் 48.3 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசும் மொழி ஆங்கிலம். தமிழை அப்படிப் பேசுவோர் 2.5 விழுக்காட்டினர். ஆகவே உங்கள் வீடு விதிவிலக்கன்று. நம் பிள்ளைகளில் பலர் கோயிலுக்கும் சமையலுக்கும் தமிழ் வைத்திருக்கிறார்கள், வாதிடுவதற்கு ஆங்கிலம் வைத்திருக்கிறார்கள். நாட்டின் சட்டத்தையும் தங்கள் கைப்பேசியையும் பற்றித் தமிழில் வாதிட அவர்களுக்குக் கிடைக்கும் ஒரே இடம் சில சமயம் இந்த வகுப்புதான். இதை நான் ஒரு மதிப்பீட்டுப் பணியாக மட்டும் பார்க்க முடியாததற்குக் காரணம் அதுவே.

இரவு உணவின்போது பத்து நிமிடம் தமிழில் எதிரணியாக உட்காருங்கள். உங்கள் தமிழ் தடுமாறினாலும் பரவாயில்லை. “ஏன்?” என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருங்கள். பேச்சை நீங்கள் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். பெற்றோர் எழுதிய தமிழைப் பிள்ளை பேசும்போது இரண்டாவது வாக்கியத்திலேயே தெரிந்துவிடும். தாத்தா பாட்டி இருந்தால் அவர்களிடம் பிள்ளையை அனுப்புங்கள். அரசாங்கச் சேவைகளுக்கான மின்னிலக்க அடையாளமான சிங்பாஸ் செயலியை முதன்முதலில் திறந்த நாளைப் பற்றி அவர்களிடம் கேட்கச் சொல்லுங்கள்.

மேடையில் கை நடுங்குகிறது.

தாளைப் பிடிக்காதீர்கள், அட்டையைப் பிடியுங்கள். தாள் நடுங்குவது தெரியும், அட்டை நடுங்குவது தெரியாது. முதல் வாக்கியத்துக்கு முன் ஒரு முழு மூச்சு எடுங்கள். அந்த இடைவெளி உங்களுக்குத்தான் நீளம், கேட்பவர்களுக்கு இல்லை.

பேசி முடித்தபின் வரும் கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால்?

தெரியாது என்று சொல்லுங்கள், ஆனால் அங்கே நிறுத்திவிடாதீர்கள். ரொக்கத்தைப் பற்றிப் பேசிய மாணவரிடம், “மின்னிலக்கக் கட்டணத்தால் கடைக்காரருக்கு எவ்வளவு நேரம் மிச்சமாகிறது?” என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு இப்படிச் சொன்னார்: “அந்தக் கணக்கு என்னிடம் இல்லை. நேரம் மிச்சமாகிறது என்பதை நான் மறுக்கவில்லை. வரிசையில் நிற்கும் மற்றவர்களுக்கும் அது உதவும். ஆனால் என் பாட்டியிடம் தாளை வாங்கிச் சில்லறை கொடுக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும். நான் பக்கத்தில் நின்று எண்ணினேன். பதினெட்டு விநாடி.”